மெக்கர் காட்டாத ஓட்டை

"மெக்கர் போட்டுப் பார்த்தாச்சு, முள்ளு கடைசி வரைக்கும் போயிடுச்சு, அப்புறம் என்ன?" மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் வேலை நடக்கிற எந்த இடத்திலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஏதோ உறுத்தும். மெக்கர் என்பது காப்பு மின்தடையை அளக்கிற கருவி. அது பொய் சொல்வதில்லை, அதைக் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்கிறது. கம்பிச் சுற்றுக்கும் மோட்டாரின் இரும்பு உடலான பாடிக்கும் நடுவில் கசிவு இருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. ஆனால் அந்தச் சுற்றுக்குள்ளேயே ஒரு சுற்றுக்கும் அதை ஒட்டிக் கிடக்கிற அடுத்த சுற்றுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று யாரும் அதைக் கேட்கவில்லை, கேட்டாலும் அதனால் சொல்ல முடியாது. அந்த இரண்டும் ஒரே கம்பியின் இரண்டு இடங்கள். மெக்கருக்கு அவை ஒரே முனை. கம்பியின் மேல் காப்பாகப் பூசிய எனாமல் உரிந்து இரண்டும் பளபளவென்று தொட்டுக்கொண்டு கிடந்தாலும் முள் கடைசி வரைக்கும் போய்த்தான் நிற்கும்.

சரி, ஓம் மீட்டரால் பிடித்துவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 சுற்றுள்ள காயிலில் ஒரே ஒரு சுற்று ஷார்ட் ஆனால் மின்தடை 0.25 சதவீதம் குறையும். தாமிரத்தின் மின்தடையோ வெப்பநிலை 1 டிகிரி கூடினாலே 0.39 சதவீதம் ஏறும். காலையில் அளந்த காயிலையும் உச்சி வெயிலில் அளந்த காயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அறையின் சூடு காட்டுகிற வித்தியாசத்தில் அந்த ஒரு சுற்று காணாமல் போய்விடும். ஆனால் ஏசி கொடுத்த பிறகு அந்த ஒரு சுற்று சும்மா கிடக்காது. அது ஷார்ட் செய்யப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரி மாதிரி ஆகி, தனக்குள்ளேயே பெரிய கரண்ட்டைச் சுற்றவிட்டுக் காய்ந்து, பக்கத்துச் சுற்றுகளின் எனாமலையும் கருக்கி, கடைசியில் பாடி வரைக்கும் போய்ச் சேரும். அப்போது மெக்கர் காட்டும், பூஜ்யம். மோட்டாரைப் பிரித்துப் பார்க்கிறவர் "பாடி ஷார்ட்" என்று எழுதி மூடிவிடுவார். நோய் ஆரம்பித்த இடம் அந்தச் சீட்டில் வரவே வராது.

இந்த உறுத்தல்தான் கம்பியின் எனாமலை எப்படிச் சோதிக்கிறோம், அந்தச் சோதனைகள் உண்மையில் எதைச் சொல்கின்றன என்ற யோசனைக்கு என்னை இழுத்துவிட்டது.

காப்பு எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியே ரொம்பப் பழையது. 1825-இல் வில்லியம் ஸ்டர்ஜன் மின்காந்தம் செய்தபோது இரும்புக்கு வார்னிஷ் பூசி, வெறும் கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றினார். கம்பிக்குக் காப்பு கிடையாது, அதனால் நெருக்கிச் சுற்ற வழியில்லை. 1831-இல் ஃபாரடே தன் இரும்பு வளையத்தில் சுற்றுகளுக்கு நடுவே நூலையும் துணியையும் வைத்துப் பிரித்தார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி கம்பிக்கே பட்டு சுற்றி அடுக்கடுக்காக நெருக்கிச் சுற்றினார், காந்தத்தின் வலு பல மடங்கு ஏறியது. காப்பு கம்பியின் மேலேயே உட்கார்ந்தபோதுதான் காயில் என்பது இன்று நாம் பார்க்கிற காயில் ஆனது. பட்டும் பருத்தியும் போய், எண்ணெய் எனாமல் வந்து, 1930-களின் கடைசியில் பாலிவினைல் ஃபார்மல் மாதிரியான செயற்கைப் பூச்சுகள் வந்து, இப்போது பாலியெஸ்டர் இமைடுக்கு மேல் பாலிஅமைடு இமைடு என்று இரட்டைப் பூச்சு வரைக்கும் வந்திருக்கிறோம். 0.5 மி.மீ. கம்பியில் கனமான பூச்சு உள்ள ரகத்தை எடுத்தாலும் ஒரு பக்கத்துக்கு எனாமல் 0.02 முதல் 0.03 மி.மீ. தான் இருக்கும், தலைமுடியின் தடிமனில் பாதி கூடத் தேறாது. அந்தப் பாதி முடியை நம்பித்தான் மொத்த மோட்டாரும் ஓடுகிறது.

பெரிய எண்ணின் மயக்கம்

எனாமல் கம்பியின் மின் சோதனை என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பிரேக்டவுன் வோல்டேஜ். கம்பித் துண்டை மடித்து, இரண்டு இழையையும் குறிப்பிட்ட எடையில் குறிப்பிட்ட தடவை முறுக்கி, ஒரு நுனியை வெட்டிவிட்டு, இரண்டு இழைக்கும் நடுவே ஏசி வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒரு இடத்தில் 'டப்' என்று பொறி அடித்து மெஷின் டிரிப் ஆகி நின்றுவிடும். அந்த எண்ணை எழுதிக்கொள்வார்கள். சர்வதேச மின் தரநிலையான ஐஇசி 60851-5-இல் முறுக்குகிற நீளம் 125 மி.மீ., மாதிரிகள் 5. ரொம்ப மெல்லிய கம்பியை முறுக்காமல் பாலிஷ் போட்ட உலோக உருளைமேல் போட்டுப் பார்ப்பார்கள், ரொம்பத் தடித்த கம்பியை வளைத்து உலோகக் குண்டுகளுக்குள் புதைத்துப் பார்ப்பார்கள். எதுவானாலும் வருகிற எண் பல ஆயிரம் வோல்ட், பார்க்கவே பெருமையாக இருக்கும். சப்ளையர் தருகிற சான்றிதழில் அதுதான் எடுப்பாக நிற்கும், வாங்குகிறவரின் கண்ணும் முதலில் அங்கேதான் போகும்.

எனக்கு அந்த எண்ணின் மேல் பெரிய மரியாதை இல்லை. சோதனை தப்பு என்று சொல்லவில்லை. எனாமல் நன்றாக வெந்திருக்கிறதா, தடிமன் சரியா, பூச்சின் ரசாயனம் சரியா என்பதையெல்லாம் அது தெளிவாகச் சொல்லும். ஆனால் நீளத்தை யோசியுங்கள். 125 மி.மீ. வீதம் 5 மாதிரி, மொத்தம் 62.5 செ.மீ. முறுக்கு. 0.5 மி.மீ. தாமிரக் கம்பி கிலோவுக்கு 550 மீட்டருக்கு மேல் வரும், 10 கிலோ ஸ்பூலில் 5 கிலோமீட்டருக்கும் அதிகம். அவ்வளவு நீளத்தில் ஒரு முழம் துண்டு கொடுக்கிற பதிலை வைத்துக்கொண்டு மீதியெல்லாம் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். எனாமலின் பொதுவான தரத்துக்கு இது போதும். ஆனால் ஓட்டை என்பது பொதுவான தரம் இல்லை. அது ஒரு இடத்தில் இருக்கும், பக்கத்து இடத்தில் இருக்காது.

ஓட்டையைத் தேடுகிற சோதனை வேறு. ஆரவாரம் இல்லாத சோதனை என்பதால் அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 30 மீட்டர் கம்பியை விநாடிக்கு 275 மி.மீ. வேகத்தில் இழுத்துக்கொண்டே, பள்ளம் வெட்டிய உருளை அல்லது கிராஃபைட் இழைத் தூரிகை ஒன்றின் மேல் ஓடவிடுவார்கள். அந்த எலக்ட்ரோடுக்கும் உள்ளே இருக்கிற தாமிரத்துக்கும் நடுவில் டிசி வோல்டேஜ் இருக்கும், எவ்வளவு என்பது கம்பியின் விட்டத்தையும் பூச்சின் தடிமனையும் பொறுத்தது. எனாமல் மெலிந்த இடமோ ஓட்டையோ எலக்ட்ரோடைத் தாண்டும்போது சில மைக்ரோ ஆம்பியர் பாயும், கவுண்டர் ஒரு எண் தட்டும். 0.05 மி.மீ. மற்றும் அதைவிட மெல்லிய கம்பிக்கு இந்த உயர் வோல்டேஜ் ஆகாது. உப்புக் கரைசலில் நனைத்த இரண்டு கம்பளித் துண்டுகளுக்கு நடுவே இழுத்து 50 வோல்ட்டில் பார்ப்பார்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் கூட ஆகாது. கடைசியில் கிடைப்பது ஒரு சின்ன எண்: 0, 2, 4.

இந்தச் சோதனையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளும்போது யாருக்கும் தூக்கிவாரிப் போடுகிற விஷயம் ஒன்று உண்டு. தரநிலையே ஓட்டைகளை அனுமதிக்கிறது. 30 மீட்டருக்கு இத்தனை வரை இருக்கலாம் என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. மெல்லிய பூச்சுக்குக் கொஞ்சம் தாராளம், கனமான பூச்சுக்கு இறுக்கம். ஓட்டையே இல்லாத எனாமல் கம்பி என்று ஒன்றை யாரும் உறுதி கொடுத்து விற்பதில்லை.

ஓட்டை எங்கிருந்து வருகிறது

எனாமல் ஒரே பூச்சாக ஏறுவதில்லை. கம்பி டை என்ற அளவான துளை வழியாகப் போய்ப் பூச்சு வாங்கி, ஓவனுக்குள் நுழைந்து வெந்து வெளியே வந்து, திரும்ப டைக்குள் போகும். இப்படிப் பல தடவை. ஒவ்வொரு தடவையும் ஏறுவது மெல்லிய படலம்தான். ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் எனாமலைக் கரைத்து வைத்திருந்த சால்வென்ட் உள்ளே மாட்டிக்கொண்டு கொதித்துக் குமிழாக வெடித்துவிடும். பல தடவை பூசுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரு படலத்தில் விழுந்த ஓட்டையை அடுத்த படலம் மூடிவிடும். ஒரே இடத்தில் எல்லாப் படலமும் தவறினால்தான் தாமிரம் வரைக்கும் வழி திறக்கும்.

அப்படி எல்லாப் படலத்தையும் தவறவைக்கிற காரணங்களில் பாதி எனாமலிலேயே இருக்காது, தாமிரத்தில் இருக்கும். கம்பி இழுக்கும்போது மேல்தோலில் சீவல் மாதிரி ஒரு பிசிறு நின்றுவிட்டால், அதன் நுனி எத்தனை படலம் பூசினாலும் வெளியே எட்டிப் பார்க்கும். இழுக்கும் எண்ணெய் சரியாகக் கழுவப்படாவிட்டால் அந்த இடத்தில் எனாமல் ஒட்டாது. தேய்ந்த டை கம்பியை நடுவில் நிறுத்தாமல் ஒருபக்கம் சாய்த்துவிடும், ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்துபோகும். அதனால்தான் எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கிறதா என்பதைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். மாதக்கணக்கில் 0, 0, 1 என்று வந்துகொண்டிருந்த கம்பி 3, 4, 4 என்று வர ஆரம்பித்தால், சான்றிதழில் அது இன்னும் 'பாஸ்' தான். ஆனால் எங்கோ ஒரு டை தேய்கிறது, இல்லை தாமிரம் மாறியிருக்கிறது. 'பாஸ்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதி எண்ணை விட்டுவிடுகிற அறிக்கைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். கைக்கு வந்த தகவலை வீசியெறிகிற வேலை அது.

இளஞ்சிவப்பு நூல்கள்

என் எண்ணம் திரும்பிய இடத்தைச் சொல்கிறேன். சின்னக் காயில்கள், மெல்லிய கம்பி. ஓடிக் கொஞ்ச காலத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக லேயர் ஷார்ட் ஆகி, அதாவது சுற்று அடுக்குகளுக்கு நடுவே ஷார்ட் ஆகித் திரும்பி வந்துகொண்டிருந்தன. கம்பி கொடுத்தவர்கள் சான்றிதழை நீட்டினார்கள், பிரேக்டவுன் நன்றாக இருந்தது, ஓட்டை எண்ணிக்கையும் நன்றாக இருந்தது. சுற்றியவர்கள் "கம்பிதான் சரியில்லை, நாங்க எத்தனை வருஷமா இதே மெஷின்ல சுத்துறோம்" என்றார்கள். இரண்டு பக்கமும் குரல் உயர்ந்துகொண்டே போனது. அப்போது சோதனைக்கூடத்தில் இருந்த மூத்தவர் ஒருவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ஸ்பூலிலிருந்து கொஞ்சம் கம்பியும், அதே ஸ்பூல் கம்பி வைண்டிங் மெஷினின் உருளைகளையெல்லாம் தாண்டிக் காயிலுக்குள் நுழைகிற இடத்தில் கொஞ்சமும் வெட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

இரண்டையும் 125 டிகிரியில் 10 நிமிடம் ஓவனில் வைத்தார். அதற்குக் காரணம் உண்டு. வளைத்து இழுத்த எனாமல் ஈரத்திலோ சால்வென்ட்டிலோ பட்டால் மயிரிழை வெடிப்பு விடும், சூடு கொடுத்தால் உள் இறுக்கம் தளர்ந்துவிடும். நாம் தேடுவது நிரந்தரமான ஓட்டையை, அந்தத் தற்காலிக வெடிப்பை இல்லை. ஆறிய பிறகு வெள்ளைத் தட்டில் 0.2 சதவீத உப்புத் தண்ணீர், அதில் சில சொட்டு பினாப்தலீன். கம்பியை வளையமாக உள்ளே இறக்கி, இரண்டு நுனியும் தண்ணீருக்கு வெளியே நிற்கும்படி வைத்து, 12 வோல்ட் டிசி. கம்பிக்கு மைனஸ், தண்ணீரில் விட்ட இன்னொரு தகட்டுக்கு பிளஸ். ஓட்டை இருக்கிற இடத்தில் தண்ணீர் தாமிரத்தைத் தொடும், அங்கே ஹைட்ரஜன் குமிழ் கிளம்பும், சுற்றியிருக்கிற தண்ணீர் காரத்தன்மை அடையும், பினாப்தலீன் இளஞ்சிவப்பாக மாறும். பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் இது நடக்காது. தாமிரம் கரையும், நிறம் வராது.

ஸ்பூல் கம்பியில் ஒன்றும் இல்லை. தட்டு தெளிவாகவே இருந்தது. மெஷினைத் தாண்டி வந்த கம்பியைப் போட்டதும் ஊசிமுனை மாதிரி ஒரு குமிழ், அதிலிருந்து நூல் மாதிரி இளஞ்சிவப்பு மெதுவாக மேலே ஏறியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதே அளவு தள்ளி இன்னொன்று. அண்ணன் ஸ்கேலை எடுத்துத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து அளந்தார். "இடைவெளியப் பாரு தம்பி, எல்லாம் ஒண்ணு போல இருக்கு. இது கம்பியோட பிழைன்னா இப்படி வரிசையா நிக்காது. எதோ ஒண்ணு சுத்திச் சுத்திக் கடிக்குது." பிறகு நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போனார். ஒவ்வொரு வழிகாட்டி உருளையின் பள்ளத்திலும் நூலைச் சுற்றிச் சுற்றளவை அளந்துகொண்டே வந்தார். ஒரு உருளையில் ஸ்கேலில் இருந்த எண் அப்படியே வந்தது. பள்ளத்தின் அடியில் விரல் நகத்தை வைத்து ஓட்டினால் ஒரு இடத்தில் மட்டும் லேசாகத் தட்டியது. கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்துக்குத் தெரிந்தது.

அதாவது, சான்றிதழ் உண்மையைத்தான் சொன்னது. அது ஸ்பூலில் இருந்த கம்பியைப் பற்றிய உண்மை, காயிலில் இருந்த கம்பியைப் பற்றியது இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் சில மீட்டர் தூரமும் சில உருளைகளும் இருந்தன, அந்தத் தூரத்தை யாரும் சோதிக்கவில்லை. இன்னொரு விஷயமும் அன்று பிடிபட்டது. கவுண்டர் எத்தனை என்று மட்டும் சொல்லும், தட்டு எங்கே என்றும் சொல்லும். சீரான இடைவெளியில் புள்ளிகள் நின்றால் சுழலுகிற ஏதோ ஒன்று காரணம். நீளமாகக் கோடு போல வந்தால் அசையாமல் நின்று உரசுகிற ஏதோ ஒன்று, பீங்கான் வளையத்தின் விளிம்பு மாதிரி. அங்கொன்று இங்கொன்றாக ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால் கம்பி தயாரித்த இடத்தில் போய் விசாரிக்கலாம்.

ஒரு ஓட்டையால் என்ன ஆகிவிடும்?

இதைப் படிக்கிற அனுபவசாலிகள் கேட்பார்கள், நானும் கேட்டுக்கொண்ட கேள்விதான்: ஒரு ஓட்டை இருந்தால்தான் என்ன, பக்கத்துக் கம்பியில் எனாமல் முழுசாக இருக்கிறதே? நியாயம். காய்ந்த காற்றில், 50 ஹெர்ட்ஸில், பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்கு நடுவே சில வோல்ட் மட்டும் இருக்கும்போது, ஒற்றை ஓட்டை ஆயுசு முழுக்க ஒன்றும் செய்யாமல் கிடக்கலாம். இரண்டு ஓட்டை நேருக்கு நேர் வந்தால்தான் ஷார்ட். தரநிலை கொஞ்சம் ஓட்டைகளை அனுமதிப்பதன் பின்னால் இருக்கிற துணிச்சலும் இதுதான், மேலே வார்னிஷ் வேறு ஏறும்.

ஆனால் அந்த நியாயம் சில இடங்களில் செல்லாது. கையால் கொத்தாகப் போடுகிற வைண்டிங்கில் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒட்டிக் கிடக்க வாய்ப்பு உண்டு, அங்கே முழுக் காயில் வோல்டேஜும் அந்த இரண்டு படலத்தின் மேல் நிற்கும். ஈரம் இருக்கிற இடத்தில் இரண்டு ஓட்டை தொட வேண்டிய அவசியமே இல்லை, நடுவில் ஒரு ஈரப் படலம் போதும். டிசி காயிலில் மெல்லிய கம்பி பிளஸ் பக்கம் இருந்தால் ஓட்டை வழியாகத் தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பச்சை பூத்து, ஒருநாள் அறுந்தே போகும். தொலைபேசி நிலையங்களில் பிளஸ்ஸை எர்த் செய்து மைனஸ் 48 வோல்ட்டில் ஓட்டுவதற்கு இந்த மின்அரிப்புப் பயம் ஒரு காரணம். அப்புறம், மோட்டாரின் வேகத்தை மாற்ற டிசியைத் துடிப்பு துடிப்பாக வெட்டிக் கொடுக்கிற இன்வெர்ட்டர் டிரைவ். 400 வோல்ட் டிரைவுக்குள் டிசி 565 வோல்ட் அளவில் நிற்கும். அது நீளமான கேபிளில் அடித்துத் திரும்பும்போது மோட்டார் முனையில் ஏறத்தாழ இரட்டிப்பாகும், மைக்ரோ செகண்டின் சிறு பகுதிக்குள் ஏறுகிற அந்தத் துடிப்பின் பெரும்பங்கு முதல் காயிலின் மேலேயே விழும். எனாமல் மெலிந்த இடத்துக்குப் பக்கத்துக் காற்றில் சிறுசிறு மின்கசிவு தொடங்கினால், விநாடிக்கு ஆயிரக்கணக்கான துடிப்புகளும் அந்த இடத்தை அரித்துக்கொண்டே இருக்கும். ஓட்டையே இல்லாத எனாமலையே அது துளைக்கும், மெலிந்த இடம் எம்மாத்திரம்.

அதனால் சுற்றி முடித்த காயிலுக்கு, வார்னிஷ் போடும் முன்பே, சர்ஜ் டெஸ்ட் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன். கெபாசிட்டரில் ஏற்றிய சார்ஜைத் திடீரென்று காயிலுக்குள் விட்டால் அலை குலுங்கி அடங்கும், அந்த வடிவத்தை நல்ல காயிலின் வடிவத்தோடு திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். சுற்றுகளுக்கு நடுவே காப்பு விட்டுப்போனால் காயிலின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல் திறன்) குறைந்து அலை இடதுபக்கம் நெருங்கும். மெக்கர் கேட்காத கேள்வியை இது நேராகக் கேட்கிறது. வார்னிஷுக்கு முன்பே செய்தால் பிரித்துச் சரிசெய்யக் கம்பி கையில் இருக்கும், காய்ந்த பிறகு வெட்டி எறிய வேண்டியதுதான். ஆனால் சர்ஜுக்கும் வரம்பு உண்டு. இன்னும் ஷார்ட் ஆகாமல் கிடக்கிற ஒற்றை ஓட்டையை, கொடுத்த வோல்டேஜ் போதாவிட்டால் அது தாண்டிப் போய்விடும். அதைப் பிடிக்க, மெஷினைத் தாண்டிய கம்பியை அவ்வப்போது வெட்டி உப்புத் தண்ணீர்த் தட்டில் போடுவதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு தட்டு, ஒரு 12 வோல்ட் சப்ளை, ஒரு சின்ன புட்டி பினாப்தலீன், கொஞ்சம் பொறுமை.

இப்போது கம்பி வாங்குகிற இடத்தில் நான் கேட்பது இவ்வளவுதான்: ஓட்டை எண்ணிக்கையை 'பாஸ்' என்று எழுதாமல் எண்ணாகவே கொடுங்கள், எந்த வோல்டேஜில் பார்த்தது என்று எழுதுங்கள், ஸ்பூலின் தொடக்கத்திலிருந்தும் முடிவிலிருந்தும் தனித்தனியாகக் கொடுங்கள். சுற்றுகிற இடத்தில் கேட்பது ஒன்று: புது ஸ்பூல் மாட்டும்போது உருளைப் பள்ளங்களில் ஒருமுறை நகத்தை ஓட்டிப் பாருங்கள். முதல் கோரிக்கைக்குச் சிலர் முகம் சுளிக்கிறார்கள், வரம்புக்குள் இருக்கிற எண்ணைக் காட்டினாலும் கேள்வி வரும் என்ற பயம் அவர்களுக்கு. கேள்வி வரத்தான் செய்யும். 4 என்று நேராக எழுதிக் கொடுக்கிறவரிடம் வாங்கவே எனக்கு விருப்பம்.